இரண்டு ராஜினாமா

“நிறுத்துங்க சிங்காரவேல்” என்றார் கஸ்தூரியம்மாள். “முதல் காட்சியில நீங்க ரொம்ப நல்லவர். ஏரிக்கரையில நின்னு, தண்ணிக்கு வர்ற பொம்பளைங்களைக் கேலி பண்ணிச் சிரிக்கிறீங்க. ஆனா நீங்க நடந்து வர்றதைப் பார்த்தா, அரிவாளை எங்கே சொருகி வெச்சிருக்கீங்கன்னு தேடத் தோணுது.”

மன்றத்து ஹாலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சிங்காரவேலும் சிரித்துப் பார்த்தான். “டீச்சர், இந்தச் சிரிப்புக்கு அவர் முறைக்கிறதே தேவலை” என்றான் கணக்குப் பிரிவு குமாஸ்தா துரைராஜ். அவன் மதுரைப் பக்கத்து ஆள். அவன் வாயைப் பூட்ட நெய்வேலியில் பூட்டுக் கிடையாது.

நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்பில் நாடகம் போடாவிட்டால் பொங்கலே வராது என்று நினைத்த காலம் அது. ஆளுக்கு ஒரு ஜில்லாவிலிருந்து வந்து பிளாக் பிளாக்காகக் குடியேறியவர்கள், பக்கத்து வீட்டுக்காரனை முதல் தடவை முழுசாகப் பார்ப்பதே அவன் பொய்மீசை வைத்துக்கொண்டு மேடையில் நிற்கும்போதுதான். அந்த வருஷம் நாடகம் எழுதியவர் தமிழாசிரியை கஸ்தூரியம்மாள். கும்பகோணத்துக்காரர். சிங்காரவேலைவிட வயதில் சின்னவர். ஆனால் வகுப்பில் பேசுகிற குரலில்தான் வெளியிலும் பேசுவார். அந்தக் குரலுக்கு எஞ்சினியர்களே எழுந்து நிற்பார்கள்.

அவர் எழுதிய நாடகத்தில் வில்லன் கிடையாது. வேம்பன் என்று ஓர் ஏரிக் காவல்காரன். அவனுடைய உயிர்ச் சிநேகிதனான ஊர் மணியக்காரன், வேம்பன்தான் கரையை உடைத்தான் என்று ராஜாவிடம் பொய்ச் சாட்சி சொல்லிவிடுகிறான். வேம்பனுக்குக் காவலும் போகிறது, காணியும் போகிறது. அதற்குப் பிறகு வேம்பன் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறான். கடைசியில் ஒரு மழைநாளில் மதகைத் திறந்துவிட்டு, மணியக்காரன் வீட்டோடு பாதி ஊரையும் மூழ்கடிக்கிறான். வேம்பன் சிங்காரவேல். மணியக்காரன் துரைராஜ்.

“பெரிய துன்பியல் நாடகம் எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க” என்பார் கஸ்தூரியம்மாள். “கெட்டவன் கெட்டது பண்ணினா அதைப் போலீஸ் பார்த்துக்கும், நாம பார்க்க என்ன இருக்கு? நல்லவன் ஒருத்தன் படிப்படியா இறங்கறான். ஒவ்வொரு படியிலயும் அவன்கிட்ட ஒரு நியாயம் இருக்கு. அந்த நியாயத்தை நாமளும் ஒத்துக்கிட்டுத்தான் அவன் கூடவே இறங்கறோம். அதைத்தான் ஜனங்க உட்கார்ந்து பார்க்கணும்.”

சிங்காரவேலுக்குக் கடைசிப் படி அபாரமாக வந்தது. அவன் மதகைத் திறக்கும் காட்சியைப் பார்க்க மன்றத்து வாட்ச்மேன் கேட்டை விட்டுவிட்டு உள்ளே வந்து நிற்பான். முதல் படியில்தான் அவனால் கால் வைக்க முடியவில்லை. நல்லவனாக நிற்பது எப்படி என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அவனுக்கும் சடையப்பனுக்கும் இருந்த பகையைச் சொன்னால்தான் இது விளங்கும். சடையப்பன் அவனுடைய பெரியப்பா மகன். கம்மாபுரம் பக்கத்து ஊர். இரண்டு அப்பன்களும் நிலத்தை வாய்ப்பேச்சிலேயே பாகம் பிரித்து, நடுவில் ஒரு வரப்பைப் போட்டுக்கொண்டு பிழைத்தவர்கள். அண்ணன் தம்பிக்குள் பத்திரம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். சுரங்கத்துக்கு நிலம் எடுக்க அதிகாரிகள் விசாரணைக்கு வந்தபோது சிங்காரவேல் ஊரில் இல்லை. ஒரு நாடகக் கம்பெனியோடு சேலம், தர்மபுரி என்று சுற்றிக்கொண்டிருந்தான். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை கிடைக்கும் என்று ஊரில் பேச்சு. சடையப்பன் போய்க் கைகட்டி நின்றான். “பாகம் ஆவலீங்க, ஒரே குடும்பந்தான். தம்பி ஒருத்தன் இருந்தான். கூத்தாடிங்களோட ஓடிப்பூட்டான். இருக்கானா செத்தானான்னே தெரியலீங்க” என்று சொல்லிவிட்டான். கையில் பத்திரம் இல்லாத சிங்காரவேலின் அப்பா பேச்சு அங்கே எடுபடவில்லை. அப்போதுதான் சடையப்பனுக்குப் பெண் பிறந்திருந்தது. அந்தப் பிள்ளைக்குச் சிங்காரவேல் சேலத்திலிருந்து அனுப்பிய சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

சடையப்பன் பம்ப் ஆபரேட்டர் ஆனான், பர்மனென்ட் ஆனான், குவார்ட்டர்ஸ் வாங்கினான். சிங்காரவேல் திரும்பி வந்தபோது வயல் இருந்த இடத்தில் கம்பிவேலி இருந்தது. அவன் அப்பா தினமும் போய் அந்த வேலி ஓரத்தில் நின்றுவிட்டு வருவார். நின்று நின்றே ஒரு கோடையில் போய்ச் சேர்ந்தார். “பாகம் ஆவலன்னு சொல்லிட்டானேடா. உன்னெ செத்தவன்னு சொல்லிட்டானேடா” என்பதுதான் அவர் கடைசிவரை சொன்னது. சிங்காரவேல் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக மண் வார இறங்கினான். தன் வயலைத் தானே வாரிக் கொட்டும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கான்ட்ராக்டுக்காரன் என்பதால் பெண் கொடுக்கவும் ஆள் இல்லை. டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே ஒரு குடிசையில் தனியாகப் பொங்கித் தின்றான்.

அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு விருத்தாசலம் பக்கம் போய், கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினான். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் பயப்படாதவன்கூட அந்தப் பக்கத்தில் கொளஞ்சியப்பரிடம் பிராது என்றால் பயப்படுவான். இன்னார் மகன் இன்னான் எனக்கு இந்தத் துரோகம் செய்தான் என்று எழுதி வேலில் கட்டிவிட்டால், சாமி விசாரித்துத் தண்டிக்கும். கட்டியவனே மறுபடி போய் ராஜினாமா செய்தால்தான் பிராது இறங்கும். எதிராளி எத்தனை பூசை போட்டாலும் இறங்காது. வேலையை விட்டாலும் ராஜினாமா, சாமியிடம் வழக்கை விட்டாலும் ராஜினாமா. டவுன்ஷிப்பின் வெளியூர்க்காரர்களுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். சுற்றுப்பட்டுக் கிராமத்தாருக்கு ராஜினாமா என்றால் முதலில் சாமிதான் ஞாபகத்துக்கு வரும்.

பிராது கட்டியதை அவன் ஒளிக்கவில்லை. வடலூர் பஸ் நிற்கும் இடத்தில், குள்ளஞ்சாவடி சந்தையில், தெரிந்த முகம் தென்பட்ட இடமெல்லாம் சொல்லிவைத்தான். சாமி பாதி பார்த்துக்கொள்ளும், மீதியைப் பயம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தான். நினைத்தது பலித்தது. சடையப்பன் சைக்கிளிலிருந்து விழுந்தான் என்று கேட்டால் அன்றைக்குச் சிங்காரவேலுக்கு வெறும் சோறும் ருசித்தது. சடையப்பனுக்குத் தூக்கம் வருவதில்லையாம் என்று கேட்டால் இவன் நன்றாகத் தூங்கினான். கெட்ட சந்தோஷம்தான், ஆனால் அவனிடம் வேறு சந்தோஷம் எதுவும் இல்லை.

கார்த்திகை மாதக் கடைசியில் சடையப்பனின் மகள் விஜயகுமாரி காய்ச்சலில் விழுந்தாள். டைபாய்டு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சுரங்கத்தில் சிங்காரவேலோடு வேலை பார்த்த பங்காளி குஞ்சிதபாதம்தான் சேதியைச் சொன்னான். கேட்டதும் சிங்காரவேலின் உடம்பில் ஒரு சூடு ஏறியது. அது சந்தோஷம்தான் என்று அவனுக்கே தெரிந்தது. பிள்ளை மேல் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை. வழியில் பார்த்தால் “சித்தப்பா” என்று ஓடிவருகிற பிள்ளை அது. ‘புள்ளெ சாவ வேணாம் சாமி. அவன் மட்டும் பக்கத்துல குந்திகினு துடிக்கட்டும்’ என்று மனசுக்குள் பேரம் பேசினான். சாமியிடம் அவன் கேட்டது வேதனை மட்டும்தான். அளவாகக் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

இரண்டொரு நாளில் சடையப்பன் மனைவி மாரியம்மாள் மன்றத்துக்கே வந்துவிட்டாள். ஒத்திகை நடுவில் யாரோ சொல்லி அவன் வெளியே வந்தான். சைக்கிள் நிறுத்தும் கொட்டகை ஓரம் தலைவிரிகோலமாக நின்றிருந்தாள்.

“தம்பி, புள்ளெ கண்ணெத் தொறக்க மாட்டேங்குது. ஒடம்பு கொதிக்குது தம்பி.”

“டாக்டரு பாத்துகினுதான இருக்காங்க அண்ணி.”

“டாக்டரு என்னா பண்ணுவாரு? நீங்க கட்டுனதை அவரா அவுப்பாரு?”

“நான் புள்ளெ பேரைக் கட்டலியே.”

“பெத்தவனுக்கு எங்க வலிக்கும்னு சாமிக்குத் தெரியாதா தம்பி? அவரு பண்ணுனது தப்புதான். நான் இல்லன்னு சொல்லல. அன்னிக்கே சொன்னேன், கேக்கல. நீங்க ராஜினாமா பண்ணிடுங்க தம்பி. உங்க கால்ல வேணா வுழறேன்.”

குனிந்தேவிட்டாள். அண்ணன் பெண்டாட்டி கொழுந்தன் காலில் விழுவதா? அவன் பின்னால் நகர்ந்துகொண்டான். நகர்ந்தபோதே, சடையப்பன் இதைப் பார்க்கவில்லையே என்ற எண்ணம் வந்தது.

“மொதல்ல உங்க வூட்டுக்காரரு ராஜினாமா பண்ணட்டும். அப்புறம் நான் பண்றேன்.”

மாரியம்மாள் விழித்தாள். “அவரு ஒண்ணும் கட்டலியே தம்பி, ராஜினாமா பண்ண?”

“வேலையைச் சொல்றேன் அண்ணி. என்னெ செத்தவன்னு சொல்லி வாங்குனாரே, அந்த வேலையை.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். சிங்காரவேல் உள்ளே வந்து வேம்பனின் அவமானக் காட்சியை நடித்தான், பிரமாதமாக நடித்தான். சடையப்பன் வேலையை விடமாட்டான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பர்மனென்ட் வேலையை யார் விடுவார்கள்? விடாவிட்டால் ‘மகளைவிட வேலை பெரிசாப் போச்சா’ என்று ஊரே அவனைக் கேட்கும். நாக்கால் அடித்தே கொல்லலாம். இதைவிட நல்ல வழி எழுதிவைத்த நாடகத்தில்கூட வராது என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை.

அந்த வாரமே துரைராஜ் ஒத்திகைக்கு வந்ததும் சொன்னான். “கேட்டீங்களா? பம்ப் ஹவுஸ்ல ஒருத்தர் பர்மனென்ட் வேலையை ராஜினாமா பண்ணிட்டாராம். அதிகாரி நல்லவிதமா எடுத்துச் சொல்லியிருக்கார். அந்த ஆளு, பொண்ணு பொழச்சாப் போதும், வாங்கிக்கங்கன்னு கால்ல விழாத குறையா நின்னாராம். என்ன ஊருய்யா இது.”

ஹாலில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். சிங்காரவேல் தூணில் சாய்ந்து நின்றான். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஜேபியை யாரோ அறுத்துக்கொண்டு போனது போல இருந்தது அவனுக்கு. அந்த ஆள் பேராசைக்காரனாகவே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா? பிள்ளைக்காக வேலையை வீசுகிற தகப்பன் என்று ஊர் இனி பேசும். பழையபடி அவனை வெறுக்க வேண்டுமானால் இனி கொஞ்சம் பாடுபட வேண்டியிருக்கும்.

அன்றைக்கென்று அந்தக் காட்சியைத்தான் கஸ்தூரியம்மாள் எடுத்தார். மணியக்காரன் மனம் திருந்தி வேம்பனிடம் வருகிறான். காவல்கோலை அவன் கையிலேயே திருப்பித் தருகிறான். வேம்பன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறான். மதகைத் திறப்பது இதற்குப் பிறகுதான்.

“இங்கேதான் வேம்பன் கெட்டுப்போறான்” என்றார் கஸ்தூரியம்மாள். “இதுக்கு முன்னாடி இல்லை.”

“அதெப்படிங்க டீச்சர்? பொய்ச் சாட்சி சொன்னப்பவே கெடுத்துட்டாங்களே அவனை” என்றான் சிங்காரவேல்.

“அது மணியக்காரன் கெட்ட இடம். வேம்பன் அதுவரைக்கும் பாதிக்கப்பட்டவன், அவ்வளவுதான். இப்ப அவன் கேட்டது கைக்கு வந்தாச்சு. வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனா இத்தனை வருஷமா அவன் கோபத்தைத் தின்னுதான் உயிரோட இருந்திருக்கான். அது இல்லாம நாளைக்குக் காலையில என்னத்துக்கு எழுந்திருக்கிறதுன்னு அவனுக்குத் தெரியல. பயந்துபோறான். அந்தப் பயத்துலதான் மதகைத் திறக்கிறான்.”

“வேம்பன் பயந்தவன் இல்லீங்க” என்றான் சிங்காரவேல். கோபமாகவே சொன்னான். துரைராஜ்கூட அதற்குக் கேலி செய்யவில்லை.

அடுத்து வேலை இல்லாத நாளில் விருத்தாசலம் பஸ் ஏறினான். ராஜினாமா செய்யத்தான் ஏறினான். தேங்காய் பழம் வாங்கத் துணிப்பைகூடக் கையில் இருந்தது. பஸ் கம்மாபுரம் தாண்டுவதற்குள் என்ன தோன்றியதோ, இறங்கி, அப்பா நின்ற வேலி ஓரத்துக்கு நடந்தான். உள்ளே பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வாரிக் கொட்டிய மண் மலையாக நின்றது. அதில் அவன் வயல் எது, சடையப்பன் வயல் எது என்று சாமி வந்தாலும் பிரிக்க முடியாது. வரப்பு இருந்த திசைகூடத் தெரியவில்லை. அப்பா எத்தனை வெயிலில் இங்கே நின்றிருப்பார் என்று நினைத்தான். சடையப்பன் ராஜினாமா எழுதிக் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவனும் கொஞ்சம் நிற்கட்டுமே. ஒரு வாரம் கழித்துப் பிராதை இறக்கினால் கொளஞ்சியப்பருக்கு என்ன நட்டம்?

எதிரே வந்த பஸ்ஸில் ஏறி வடலூர் போனான். ஹோட்டலில் சாப்பிட்டான். கடையில் ஒரு விபூதிப் பொட்டலம் வாங்கினான். பொட்டலத்தை அந்தத் துணிப்பையில் போட்டுக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் சடையப்பன் கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தான். சிங்காரவேலைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டான். பிள்ளைக்கு முந்தைய நாளிலிருந்து காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. அதற்கு மருந்துதான் காரணமாக இருக்க வேண்டும். சாமியின் வேலில் பிராது அப்படியேதான் இருந்தது.

“ராஜினாமா ஆயிடுச்சு அண்ணி” என்று பொட்டலத்தை நீட்டினான். “பிரசாதம்.”

மாரியம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “உங்க கையாலயே பூசிவுடுங்க தம்பி. நீங்க பூசுனாதான் அதுக்கு நல்லது.”

பூசினான். விஜயகுமாரி கண் விழித்து, “சித்தப்பா, நாடகத்துல நீங்கதான் ராஜாவா?” என்று கேட்டாள். “நான் காவல்காரன்டா கண்ணு. ராஜாவுக்கு மீசை பெருசா வேணுமாம்” என்றான். அவள் சிரித்தாள். சடையப்பன் இரண்டு கையையும் சேர்த்து அவனைப் பார்த்துக் கும்பிட்டான். கும்பிடுகிறவனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தபோது, ‘இன்னும் இறங்கலடா, உனக்குத்தான் தெரியாது’ என்று சிங்காரவேல் உள்ளே சொல்லிக்கொண்டான். தேன் தொட்டு நாக்கில் வைத்தது போல இருந்தது.

அன்று சாயங்காலம் ஒத்திகையில் வேம்பன் ஏரிக்கரைக்கு வந்தான். குடத்தோடு நின்ற பெண்களைக் கேலி செய்தான், வழுக்கி விழப்போன கிழவியைப் பிடித்து நிறுத்தினான், மணியக்காரன் தோளில் கைபோட்டுக்கொண்டு சிரித்தான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. காட்சி முடிந்ததும் கஸ்தூரியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

“இத்தனை நாளா இதை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க?” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. “முகமே மாறிப்போச்சு. இவ்வளவு நல்லவனை நான்கூட எழுதலையே.”

“இப்படி ஒரு சிநேகிதன் கிடைச்சா நானெல்லாம் பொய்ச் சாட்சி சொல்வேனா?” என்றான் துரைராஜ்.

அது எப்படி வந்தது என்று சிங்காரவேலுக்குத் தெரியும். மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று முழுசாக ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தான். கோபம் வெளியே தெரிந்த வரைக்கும் அவனால் நல்லவன் வேஷம் கட்ட முடியவில்லை. கோபத்தை அடியில் போட்டுப் புதைத்து மேலே சிரிக்கக் கற்றுக்கொண்டதும் வேஷம் சட்டை போல உடம்பில் உட்கார்ந்துவிட்டது. நல்லவன் என்று நான்கு பேர் சொல்லக் கேட்பதும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் போய் நிஜமாகவே ராஜினாமா செய்துவிட வேண்டும் என்று வீட்டுக்குப் போகும் வழியில் தீர்மானித்தான். மனசாரத்தான் தீர்மானித்தான்.

அடுத்த வாரம் வரவில்லை. காய்ச்சல் விட்டாலும் குடல் புண் ஆற நாள் ஆகும், கஞ்சித் தண்ணீர் தவிர வேறு கொடுக்கக் கூடாது, இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். மாரியம்மாள் கேட்கவில்லை. “சாமியே வுட்டுடுச்சுங்க. இன்னும் என்னாத்துக்கு ஆஸ்பத்திரி?” என்றாள். குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டியிருந்தது. சாமான்களை ஏற்றிய மாட்டுவண்டியிலேயே பிள்ளையையும் படுக்கவைத்துக்கொண்டு, கம்மாபுரம் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வழியெல்லாம் பிள்ளை சோறு சோறு என்று கேட்டிருக்கிறது. பிராது இறங்கிய பிள்ளைக்கு என்ன பத்தியம்? மாரியம்மாள் புதுப் பானையில் சோறு பொங்கினாள். கருவாட்டுக் குழம்பு வைத்து, உருண்டை உருண்டையாகப் பிசைந்து தன் கையாலேயே ஊட்டினாள். பிள்ளை கேட்டுக் கேட்டுத் தின்றது. மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. வண்டி கட்டிப் பஸ் ரோட்டுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

குஞ்சிதபாதம் சுரங்கத்துக்குள் வந்து சொன்னபோது சிங்காரவேல் மண்வெட்டியை அப்படியே போட்டான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதே அவனுக்குத் தெரியாது. இரண்டு பேரும் சைக்கிளை மிதித்தார்கள். வழியெல்லாம் குஞ்சிதபாதம் ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தான். “நீயாவது பெருந்தன்மையா நடந்துகினியே, அது போதும்பா. ஊரே அதத்தான் பேசுது” என்று சொன்னது மட்டும் சிங்காரவேல் காதில் விழுந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவிடலாமா என்று நினைத்தான். கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

வாசலில் ஆண்கள் நின்றிருந்தார்கள். சிங்காரவேலைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்கள். உள்ளே பிள்ளையைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் விபூதி பூசியிருந்தார்கள். அவன் வாங்கிக் கொடுத்த அதே விபூதிதான், பொட்டலம் தலைமாட்டில் இருந்தது. சடையப்பன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“சாமி குத்தமாத்தான் இருக்கும்” என்று மாரியம்மாளின் அக்கா விருத்தாம்பாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். “பிராது சரியா எறங்கியிருக்காதுடி. இல்லன்னா ஒரு வாயி சோறு புள்ளையைக் கொல்லுமா? நீ என்னாடி பண்ணுவ.”

மாரியம்மாள் தலையைத் தூக்கினாள். அவள் முகத்தில் சின்னதாக ஒரு ஆசை தெரிந்தது. சடையப்பனும் அப்போதுதான் சிங்காரவேல் வந்து நிற்பதைப் பார்த்தான்.

“சிங்காரம்” என்றான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். “ராஜினாமா அன்னிக்கே பண்ணிட்டதான?”

மாரியம்மாள் அவனையே பார்த்தாள். இல்லை என்று அவன் சொல்ல வேண்டும் என்று அவள் கண் கெஞ்சியது. சொன்னால் இது சாமி செய்ததாகிவிடும், தன் கை செய்ததாகாது. அதை உலகத்தில் அவளுக்குக் கொடுக்கக்கூடியவன் சிங்காரவேல் ஒருவன்தான். சடையப்பனை அடியோடு சாய்க்கிற வார்த்தையும் அதேதான். வேலை போனது, மகள் போனாள், இரண்டும் நான் செய்யாத ஒரு ராஜினாமாவுக்காகப் போயின என்று சொல்லிவிட்டால் இவன் கேட்ட பழி கடைசிச் சொட்டு வரை தீர்ந்துவிடும். ஆனால் பழி வாங்க வேண்டும் என்ற எண்ணமே அந்த நேரத்தில் எங்கேயும் இல்லை. வாசலில் நின்ற ஆண்களின் முகங்கள்தான் தெரிந்தன. இப்போது வழிவிட்டு ஒதுங்கியவர்கள் அடுத்த நிமிஷம் தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்ற பயம் ஒன்றுதான் இருந்தது.

“பண்ணிட்டேண்ணே” என்றான். “அன்னிக்கே பண்ணிட்டேன்.” குரல் கரகரப்பாக, துக்கத்தோடு, நன்றாக வந்தது.

மாரியம்மாள் மெல்லத் தலையாட்டினாள். “அப்ப சாமி இல்ல” என்றாள். “என் கைதான்.”

வலது கையைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். விருத்தாம்பாள் அந்தக் கையைப் பிடித்தாள், மற்றப் பெண்களும் பிடித்தார்கள். உதறிவிட்டு அடித்தாள். மணிக்கட்டில் வளையல் உடைந்து ரத்தம் வந்தது.

சடையப்பன் எழுந்து வந்தான். பிள்ளையைப் பாயோடு சுருட்டி எடுத்துச் சிங்காரவேலின் கைகளில் வைத்தான். “என்னால தூக்க முடியல. சித்தப்பன் நீ தூக்கு” என்றான். சிங்காரவேல் வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டினான். ஆண்கள் பின்னால் வந்தார்கள். உள்ளே அந்தக் கை தரையில் விழும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.